கூட்டாக வேலை செய்யத் தெரிகிறதா? மருத்துவக் குழுக்களுக்கு மதிப்பெண் போடும் முறை

"யாராச்சும் லைன் போடுங்க." இந்த ஒரு வாக்கியம் காதில் விழுந்தாலே அந்தக் குழுவைப் பற்றிப் பாதி தெரிந்துவிடும். சொன்னவருக்குக் கேனுலா (ரத்தக்குழாயில் மருந்து ஏற்றும் சிறு குழாய்) போடத் தெரியும், கேட்ட நாலு பேருக்கும் தெரியும். ஆனால் "யாராச்சும்" என்று ஒருவர் அந்த அறையில் இல்லை. ஒன்று, இரண்டு பேர் ஓடிப்போய் ஒரே கையைப் பிடிப்பார்கள். இல்லையென்றால் ஒருவரும் நகரமாட்டார்கள். எழுத்துத் தேர்வும் வாய்மொழித் தேர்வான வைவாவும் தனி ஆளின் அறிவை அளக்கும், இந்த ஓட்டையைக் காட்டாது.

2019-இல் வந்த திறன்சார் எம்.பி.பி.எஸ். பாடத்திட்டம், படித்து முடிக்கும் டாக்டருக்கு ஐந்து பொறுப்புகளை வைக்கிறது. அதில் ஒன்று, மருத்துவக் குழுவின் தலைவராகவும் உறுப்பினராகவும் இருப்பது. இதை எப்படி அளப்பது என்று கேட்டால், பல இடங்களில் லாக் புக்கில் ஒரு கையெழுத்தோடு கதை முடிகிறது. சென்னையில் மருத்துவக் கல்லூரி, நர்சிங் கல்லூரி, டெக்னீஷியன் படிப்புகள் எல்லாம் பல இடங்களில் ஒரே வளாகத்துக்குள் நடக்கின்றன. ஆள் பஞ்சம் இல்லை, முறைதான் வேண்டும். ஸ்கில் லேப் பொறுப்பாளர்கள், நர்சிங் டியூட்டர்கள், மருத்துவமனைத் தரப்பிரிவில் இருப்பவர்கள் ஆகியோருக்காக அந்த முறை இங்கே.

தாளை அச்சடிக்கும் முன்

எதற்காக அளக்கிறீர்கள் என்பதை முதலில் ஒரு வரியில் எழுதிக்கொள்ளுங்கள். மாணவருக்குத் திருத்திக்கொள்ள உதவவா, பாஸ் ஃபெயில் போடவா, வார்டின் நிலையைத் தெரிந்துகொள்ளவா? மூன்றுக்கும் ஒரே தாளைப் பயன்படுத்தலாம், ஆனால் அதை நடத்தும் விதம் வேறு. பாஸ் ஃபெயில் என்றால் ஒரே ஒரு காட்சியை வைத்து முடிவெடுக்கக் கூடாது. பிரசவ ரத்தப்போக்கில் பிரமாதமாக வழிநடத்துபவர், குழந்தைக்கு வலிப்பு வந்தால் திணறலாம். வெவ்வேறு காட்சிகள், வெவ்வேறு மதிப்பீட்டாளர்கள் என்று பல முறை பார்த்த பிறகே தனி ஆளைப் பற்றி ஏதாவது சொல்ல முடியும். அதனால் ஆரம்பிக்கும் கல்லூரிகள் முதல் வருடம் முழுக்கத் திருத்துவதற்காக மட்டும் நடத்துவது நல்லது.

அடுத்தது, மதிப்பெண் குழுவுக்கா, ஆளுக்கா? இதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். குழு வாங்கிய 44-க்கு 30-ஐ ஐந்து மாணவர்களின் பெயருக்கு நேரே அப்படியே எழுதிவிடுவார்கள். வாயே திறக்காதவருக்கும் 30, எல்லோரையும் தூக்கி நிறுத்தியவருக்கும் 30. குழுவை அளக்கும் தாள் குழுவுக்கு மட்டும்தான். ஆளை அளக்க வேண்டுமென்றால் தனித் தாள் வேண்டும், அந்த ஆளை மட்டும் கவனிக்க ஒரு மதிப்பீட்டாளர் வேண்டும்.

மூன்றாவது, மனப்பான்மையா, செயலா? மாணவர்களிடம் "மற்ற துறையினரோடு சேர்ந்து படிப்பது பயனுள்ளது, ஒத்துக்கொள்கிறீர்களா?" என்று கேட்டு நிரப்ப வைக்கும் தாள்கள் நிறைய உண்டு. 1999-இல் இங்கிலாந்தில் உருவான 19 கேள்வித் தாள் அந்த வகை. டீம்ஸ்டெப்ஸ் என்ற அமெரிக்கக் கூட்டுவேலைப் பயிற்சியோடு வரும் 30 கேள்வி மனப்பான்மைத் தாளும் அப்படித்தான். இவை விருப்பத்தை அளப்பவை. "ஒத்துக்கொள்கிறேன்" என்று எழுதுபவர் இரவு இரண்டு மணிக்கு எப்படி நடந்துகொள்வார் என்பதற்கு அதில் பதில் கிடையாது. பயிற்சிக்கு முன்னும் பின்னும் கொடுங்கள், தவறில்லை. ஆனால் அறிக்கையில் "கூட்டுத்திறன் உயர்ந்தது" என்று எழுதாதீர்கள்.

எந்த அளவுகோல்

புதிதாக ஒன்றை உருவாக்க உட்காராதீர்கள். சோதித்துப் பார்த்த அளவுகோல்கள் இருக்கின்றன.

அவசர சிகிச்சைக் குழுவுக்கு 2010-இல் வெளியான டீம் அளவுகோல் கைக்கு அடக்கமானது. 11 கூறுகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை, மொத்தம் 44. கடைசியில் ஒட்டுமொத்தமாக 1 முதல் 10 வரை ஒரு மதிப்பு. தலைமைக்கு இரண்டு கூறு, கூட்டுவேலைக்கு ஏழு, வேலையை வரிசைப்படுத்தி முறைப்படி செய்வதற்கு இரண்டு. 0 என்றால் ஏறக்குறைய எப்போதுமே செய்யவில்லை, 4 என்றால் ஏறக்குறைய எப்போதுமே செய்தார்கள். ஒரே பக்கத்தில் அடங்கும்.

தியேட்டரில் சர்ஜனைத் தனியாகக் கவனிக்க நாட்ஸ், மயக்க மருந்து டாக்டரைக் கவனிக்க ஆன்ட்ஸ். இரண்டும் ஸ்காட்லாந்தில் உருவானவை, இரண்டிலும் நான்கு பிரிவுகள், நான்கு புள்ளி அளவு. இவை தனி ஆளுக்கானவை என்பதை மறக்க வேண்டாம். வார்டு முழுவதற்கும் பொதுவான சட்டகம் வேண்டுமென்றால் அமெரிக்க அரசு 2006-இல் வெளியிட்ட டீம்ஸ்டெப்ஸ் உதவும். பேச்சுப் பரிமாற்றம், தலைமை, நிலைமையைக் கவனித்தல், ஒருவருக்கொருவர் கைகொடுத்தல் என்று நான்கே தலைப்புகள். எதை எடுத்தாலும் உருவாக்கியவர்களின் அனுமதி விதிகளைப் பார்த்துவிட்டு எடுங்கள். கூறுகளை வெட்டி ஒட்டினால் அந்த அளவுகோலின் பெயரைப் பயன்படுத்தாதீர்கள். வெட்டிய பிறகு அது உங்கள் தாள், அதன் நம்பகத்தன்மைக்கும் நீங்களே பொறுப்பு.

வார்டுப் பேச்சில் எழுதுங்கள்

வெளிநாட்டுத் தாளை அப்படியே தமிழாக்கினால் வேலைக்கு ஆகாது. "குழுவின் மன உறுதி நேர்மறையாக இருந்தது" என்று எழுதிப் பாருங்கள், மூன்று மதிப்பீட்டாளர்கள் மூன்று மாதிரிப் புரிந்துகொள்வார்கள். "ஒருவரை ஒருவர் குறை சொல்லாமல், கத்தாமல், தப்பு நடந்தபோதும் அடுத்த வேலையைப் பார்த்தார்கள்" என்றால் காதால் கேட்டுக் கண்ணால் பார்த்து மதிப்பெண் போட முடியும். ஒவ்வொரு கூறுக்கும் கீழே, உங்கள் வார்டில் அது எப்படி ஒலிக்கும் என்று இரண்டு மூன்று உதாரணங்களை எழுதி வையுங்கள். மதிப்பெண் அளவை மாற்ற வேண்டாம், விளக்கத்தை மட்டும் சேருங்கள். எழுதியதை ஐந்தாறு டாக்டர்கள், ஐந்தாறு நர்ஸ்களிடம் கொடுத்து, "இதைப் படித்தால் என்ன புரிகிறது, சொல்லுங்க" என்று கேட்டுத் திருத்துங்கள்.

நம் வார்டுகளுக்கே உரிய சில பொறிகள் உண்டு. முதலாவது தலையாட்டல். இதயம் நின்றுபோன நோயாளியைச் சுற்றி நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி. கொடுங்க" என்றதும் சிஸ்டர் தலையை ஆட்டுகிறார். கேட்டுவிட்டது, சரி, பார்க்கிறேன், புரியவில்லை, நான்குக்கும் அதே தலையாட்டல்தான். மதிப்பெண் தாளில் தலையாட்டலைப் பதிலாகக் கணக்கில் எடுக்காதீர்கள். முழு வட்டம் என்றால் மூன்று படி: பெயர் சொல்லிக் கட்டளை, கேட்டவர் மருந்தையும் டோஸையும் வழியையும் (ஐ.வி. என்றால் ரத்தக்குழாய் வழி) திரும்பச் சொல்வது, முடிந்ததும் "அட்ரினலின் 1 மில்லிகிராம் ஐ.வி. போட்டாச்சு" என்று உரக்கச் சொல்வது. கடைசிப் படிதான் அதிகம் விட்டுப்போகும். அது இல்லாததால்தான் அதே டோஸ் இரண்டு முறை ஏறுகிறது, அல்லது மூன்று முதல் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை போக வேண்டியது எப்போது போனது என்று யாருக்கும் தெரியாமல் போகிறது.

இதற்கு அபிப்பிராய மதிப்பெண்ணைவிட எண்ணிக்கை நம்பகமானது. காட்சியில் கொடுக்கப்பட்ட ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு கோடு போடுங்கள், வட்டம் முழுமையானால் கோட்டைச் சுற்றி வட்டமிடுங்கள். 14 கட்டளையில் 6 முழுமை என்றால் அதைப் பற்றி யாரும் வாதாட முடியாது.

இரண்டாவது பொறி, "சிஸ்டர்" என்ற விளி. அறையில் மூன்று சிஸ்டர் இருக்கும்போது "சிஸ்டர், பிளட் அனுப்புங்க" என்பதும் "யாராச்சும்" என்பதும் ஒன்றுதான். காட்சி தொடங்கும் முன் அகலமான வெள்ளை பிளாஸ்டரில் பெயரையும் வேலையையும் மார்க்கரால் எழுதி ஒவ்வொருவர் மார்பிலும் ஒட்டுங்கள். பெயர் தெரிந்தும் கூப்பிடவில்லை என்றால் அது திறன் குறை. பெயரே தெரியாமல் கூப்பிடவில்லை என்றால் அது உங்கள் ஏற்பாட்டின் குறை.

மூன்றாவதுதான் பெரியது: மேலே இருப்பவரின் தவறைச் சுட்டிக்காட்டுவது. நம் ஊரில் மறுப்பு நேராக வராது, கேள்வி வேஷத்தில் வரும். அதனால் இந்தக் கூறுக்கு மட்டும் ஒவ்வொரு மதிப்பெண்ணுக்கும் ஒரு வாக்கியம் எழுதி வையுங்கள். பிரசவ ரத்தப்போக்கை நிறுத்தக் கொடுக்கும் கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அப்படிப்பட்ட தாய்க்கு அதைப் போடச் சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்:

0: கேஸ் ஷீட்டில் ஆஸ்துமா என்று படித்தவர் பேசவே இல்லை, மருந்தை எடுக்கப் போகிறார்.
1: பக்கத்தில் இருப்பவரிடம் மட்டும் முணுமுணுக்கிறார்.
2: "சார்... கார்போப்ரோஸ்ட்டா சார்?" ஜாடை மட்டும்.
3: "சார், இவங்களுக்கு ஆஸ்துமா இருக்கு." தகவல் வந்துவிட்டது, முடிவை அவரிடமே விட்டுவிடுகிறார்.
4: "சார், இவங்களுக்கு ஆஸ்துமா இருக்கு, கார்போப்ரோஸ்ட் வேண்டாம். வேற என்ன போடலாம்?" காதில் வாங்கவில்லை என்றால் இன்னொரு முறையும் சொல்கிறார்.

"சார்", "மேடம்" சொன்னதற்காக மதிப்பெண்ணைக் குறைக்காதீர்கள். மரியாதையும் மறுப்பும் ஒரே வாக்கியத்தில் நிற்கும். வெளிநாட்டு வீடியோவைக் காட்டி, யூனிட்டின் தலைமை டாக்டரான சீஃபைப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பழக்குவது நடக்காத காரியம், தேவையும் இல்லை. அதே சமயம், கேட்டவர் என்ன செய்தார் என்பதற்கும் தனி வரி வையுங்கள். 3-ஐச் சொன்ன மாணவிக்கு "நீ சொல்லித்தான் எனக்குத் தெரியணுமா" என்று பதில் வந்தால், குறை மாணவியுடையது இல்லை.

இன்னொன்று, மொழி. சென்னைக் குழுக்களில் மலையாளம், தெலுங்கு, இந்தி பேசுபவர்கள் சாதாரணம். உச்சரிப்புக்கும் சரளத்துக்கும் மதிப்பெண் போடக் கூடாது. எதிரில் இருப்பவருக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது மட்டுமே கேள்வி. ஃபிஃப்டீன், ஃபிஃப்டி குழப்பம் எல்லா மொழிக்காரர்களுக்கும் வரும். "ஒன் ஃபைவ்" என்று எண்ணைப் பிரித்துச் சொல்பவருக்குத் தாளில் ஒரு நல்ல குறிப்பு எழுதுங்கள்.

காட்சியைக் கட்டுவது

நீங்கள் அளக்க நினைக்கும் ஒவ்வொரு நடத்தைக்கும் காட்சியில் ஒரு தூண்டில் இருக்க வேண்டும். மறுத்துப் பேசுவதை அளக்க வேண்டுமென்றால் மறுக்க வேண்டிய கட்டளை ஒன்று வர வேண்டும். தூண்டில் இல்லாத காட்சியில் மதிப்பீட்டாளர்கள் எல்லாக் கூறுக்கும் 2 அல்லது 3 போட்டுவிட்டுப் போவார்கள்.

மாதிரிக்குப் பிரசவத்துக்குப் பிந்தைய ரத்தப்போக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பேர் குழு: ஹவுஸ் சர்ஜன் இருவர், நர்சிங் நான்காம் ஆண்டு மாணவர் இருவர், அனஸ்தீசியா டெக்னீஷியன் மாணவர் ஒருவர். தலைவர் யார் என்று நீங்கள் சொல்லாதீர்கள். அதை அவர்கள் எத்தனை வினாடியில் தீர்க்கிறார்கள் என்பதே முதல் கவனிப்பு.

தொடக்கம்: 26 வயது, இரண்டாவது சுகப்பிரசவம், முடிந்து 20 நிமிடம். பல்ஸ் 104, பி.பி. 110/70, பேட் நனைந்து ஷீட்டில் இறங்குகிறது. ஆஸ்துமா இருக்கிறது என்ற வரி கேஸ் ஷீட்டின் இரண்டாம் பக்கத்தில் மட்டும், அதுவும் ஒரு நர்சிங் மாணவரின் கையில்.

இரண்டாம் நிமிடம்: மானிட்டரில் பல்ஸ் 124, பி.பி. 90/60. அலாரத்தை அணைத்து வையுங்கள். யார் முதலில் பார்த்து உரக்கச் சொல்கிறார்?

நான்காம் நிமிடம்: "டாக்டரம்மா, என் பொண்ணுக்கு என்னாச்சு?" என்று தாயாராக நடிப்பவர் உள்ளே வருகிறார். சென்னை லேபர் வார்டில் இது வராத நாள் கிடையாது. தலைவர் தானே போய்ப் பேச ஆரம்பித்தால் கட்டில் அனாதையாகிவிடும். எல்லோரும் கண்டுகொள்ளாவிட்டால் அந்த அம்மா கட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார். ஒருவரைப் பெயர் சொல்லி அனுப்பினால் முழு மதிப்பெண்.

ஐந்தாம் நிமிடம்: சீஃபின் போன். "கார்போப்ரோஸ்ட் 250 மைக்ரோகிராம் ஐ.எம். போட்டுடுங்க." சீஃபாக நடிப்பவருக்கு எழுதிக் கொடுங்கள்: ஜாடையாகக் கேட்டால் "ஆமா, போடுங்க" என்று சொல்ல வேண்டும், காரணத்தோடு சொன்னால் உடனே ஒத்துக்கொள்ள வேண்டும். இவர் தன் இஷ்டத்துக்கு வசனம் பேசினால் ஒவ்வொரு குழுவுக்கும் வேறு வேறு தேர்வு நடந்துவிடும். போனைப் பெரும்பாலும் ஹவுஸ் சர்ஜன் எடுப்பார், ஆஸ்துமா தெரிந்தவர் நர்சிங் மாணவர். கட்டளையை உரக்கத் திரும்பச் சொன்னால்தான் அது அவர் காதில் விழும். இந்த இடத்தில் இரண்டு கூறுகளை ஒரே அடியில் பார்க்கலாம்.

ஏழாம் நிமிடம்: ரத்த வங்கியிலிருந்து போன். "சாம்பிள் டியூப்ல பேரே இல்ல, திருப்பி அனுப்புறோம்." பழி போடுவார்களா, புது சாம்பிளுக்கு ஆள் போடுவார்களா?

பத்தாம் நிமிடம்: ரத்தம் கட்டுப்படுகிறது, காட்சி முடிகிறது. எவ்வளவு மோசமாகப் போனாலும் நோயாளியைச் சாகவிடாதீர்கள். அதன் பிறகு பேச வருவதெல்லாம் குற்ற உணர்ச்சியாகவே இருக்கும்.

கர்ப்பப்பையைத் தேய்ப்பது, ஆக்ஸிடோசின், பெரிய கேனுலாவில் இரண்டு லைன், பிரசவமான மூன்று மணி நேரத்துக்குள் டிரானெக்சாமிக் ஆசிட் 1 கிராம் பத்து நிமிடத்தில் மெதுவாக ஐ.வி. இவையெல்லாம் சிகிச்சைப் பட்டியல், தனித் தாள். கூட்டுவேலை மதிப்பெண்ணோடு கலந்தால், நன்றாகப் படித்த மாணவர் நல்ல தலைவராகத் தெரிவார்.

ரத்தத்துக்கு ஒரு லிட்டர் தண்ணீரில் இரண்டு மூன்று ஸ்பூன் கார்ன்ஃப்ளோர் கரைத்துக் காய்ச்சி ஆறவைத்து, சிவப்பு ஃபுட் கலர் சேர்த்தால் போதும். மேனிக்வினின் (பயிற்சிப் பொம்மையின்) ரப்பர் தோலில் கறை பிடிக்கும், அடியில் பிளாஸ்டிக் ஷீட் போடுங்கள். விலை உயர்ந்த மேனிக்வின் கட்டாயம் இல்லை. ஒருவரைப் படுக்க வைத்து, மானிட்டருக்குப் பதில் டேப்லெட்டில் எண்களை மாற்றிக் காட்டினாலும் கூட்டுவேலையை அளக்க முடியும்.

ஸ்கில் லேபில் செய்யாமல் உண்மையான லேபர் வார்டிலேயே நடத்துவதாக இருந்தால் மூன்று எச்சரிக்கைகள். பயிற்சி மருந்துகளில் "பயிற்சிக்கு மட்டும்" என்று சிவப்பில் ஒட்டி, உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் எண்ணுங்கள். தண்ணீர் நிரப்பிய ஆம்பியூல் எமர்ஜென்சி டிராலியில் தங்கிவிட்டால் விளைவு சொல்லத் தேவையில்லை. வார்டில் உண்மை அவசரம் வந்தால் உடனே நிறுத்த ஒரு சொல்லை முன்கூட்டியே முடிவு செய்யுங்கள். பக்கத்துக் கட்டில் நோயாளிகளுக்கும் உடன் இருப்பவர்களுக்கும் இது பயிற்சி என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முன்னுரைக்கு ஐந்து நிமிடம், காட்சிக்குப் பத்து, மதிப்பெண் எழுத மூன்று, பேசுவதற்கு இருபது. ஒரு குழுவுக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம். ஒரு மதிய வேளையில் நான்கு குழுவுக்கு மேல் வைத்தால் கடைசிக் குழுவுக்கு மதிப்பீட்டாளரின் களைப்புதான் மதிப்பெண் போடும்.

மதிப்பெண் போடுபவர்கள்

குறைந்தது இருவர், ஒருவர் டாக்டர், ஒருவர் நர்ஸ். டாக்டர் மட்டும் பார்த்தால் தலைவரையே பார்த்துக்கொண்டிருப்பார், சிரிஞ்சில் மருந்து ஏற்றும் இடத்தில் நடக்கும் பேச்சு அவருக்குத் தெரியாது. ஒருவர் தலைமாட்டுப் பக்கம், ஒருவர் கால்மாட்டுப் பக்கம் நிற்கட்டும். அந்தக் குழுவில் இருப்பவர்களின் ஹெச்.ஓ.டி. அறைக்குள் இருக்க வேண்டாம். அவர் வாயே திறக்காவிட்டாலும் மாணவர்கள் அவர் முகத்தைப் பார்த்தே நடிப்பார்கள்.

அரை நாள் பயிற்சி போதும். நன்றாக, சுமாராக, மோசமாக நடந்த மூன்று பயிற்சி வீடியோக்களைத் தனித்தனியாகப் பார்த்து மதிப்பெண் போடச் சொல்லுங்கள். இரண்டு புள்ளிக்கு மேல் வித்தியாசம் வரும் கூறுகளை மட்டும் எடுத்து, "எந்த வார்த்தையைக் கேட்டு இதைப் போட்டீர்கள்?" என்று கேளுங்கள். "பார்க்க நல்லா இருந்துச்சு" என்ற பதில் செல்லாது. காட்சி நடக்கும்போது அவர்கள் எழுத வேண்டியது காதில் விழுந்த வார்த்தைகளை, நிமிடத்தோடு. மதிப்பெண் அதன் பிறகு. இருவரும் எழுதி முடிக்கும் வரை ஒருவரோடொருவர் பேசக் கூடாது. மாணவர்களோடு பேச உட்காரும் முன்பே எழுதிவிட வேண்டும். பேச்சில் மாணவர்கள் காரணம் சொல்லச் சொல்ல மனம் இளகி மதிப்பெண் ஏறிவிடும்.

இருவரின் மதிப்பெண் ஒத்துப்போகிறதா என்று கணக்குப் பார்க்காமல் எந்த அறிக்கையும் வெளியே போகக் கூடாது. "ஒரு புள்ளி முன்னே பின்னே இருந்தால் ஒத்துப்போனதாகக் கொள்வோம்" என்பது ஏமாற்று வேலை. 0 முதல் 4 வரையான அளவில் இருவரும் சும்மா 2, 3 என்று போட்டுக்கொண்டே போனாலும் 100 சதவீதம் வந்துவிடும். 11 கூறில் எத்தனை அச்சாகப் பொருந்தின என்பதைப் பாருங்கள். பல குழுக்களின் எண்கள் சேர்ந்தபின் புள்ளியியல் துறையில் கொடுத்து ஐ.சி.சி. (மதிப்பீட்டாளர்கள் எவ்வளவு ஒத்துப்போகிறார்கள் என்று காட்டும் எண்) கணக்கிடுங்கள். 0.5-க்குக் கீழ் என்றால் மோசம், 0.75-க்கு மேல் நல்லது, 0.9-க்கு மேல் மிக நல்லது என்பது பரவலாக ஏற்ற அளவு. 0.5-க்குக் கீழ் வந்தால் மாணவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள். திரும்பவும் மதிப்பீட்டாளர்களோடு வீடியோ பார்க்க உட்காருங்கள்.

வீடியோ எடுப்பதாக இருந்தால் எழுத்தில் சம்மதம், எத்தனை நாளில் அழிப்பீர்கள் என்ற தேதி, யார் பார்ப்பார்கள் என்ற பட்டியல் மூன்றும் வேண்டும். வார்டு சி.சி.டி.வி.யை எடுத்து மதிப்பெண் போடுவது ஒருபோதும் வேண்டாம்.

உண்மையான வார்டில் கவனிப்பது

காட்சியில் நன்றாகச் செய்பவர்கள் வார்டிலும் செய்கிறார்களா என்பது வேறு கேள்வி. இதற்கு இரண்டு நேரங்கள் தோதானவை.

ஒன்று, ஷிஃப்ட் மாறும்போது ஓவர் கொடுப்பது. நோயாளி யார், இப்போது என்ன பிரச்சினை, பின்னணி என்ன, நான் நினைப்பது என்ன, அடுத்து நீங்கள் செய்ய வேண்டியது என்ன என்ற ஐந்தையும் ஒரு சிறு அட்டையில் டிக் செய்யலாம். அதிகம் விழாத டிக் கடைசி இரண்டில்தான். "பி.பி. 100/60, பல்ஸ் 110, யூரின் கம்மி" என்று சொல்லி நிறுத்திவிடுவார்கள். "ரத்தம் உள்ளே கசியுதோன்னு சந்தேகமா இருக்கு, அரை மணிக்கு ஒரு தடவை பாருங்க" என்பது வராது. இதே அட்டையை 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஜி.எஸ்.டி. ரோடு விபத்து ஒன்றைக் கேஷுவாலிட்டியில் ஒப்படைக்கும்போதும் பயன்படுத்தலாம், கேள்விகளை மட்டும் மாற்றி: எப்படி அடிபட்டது, எங்கெங்கே அடி, பல்ஸும் பி.பி.யும் நினைவும் எப்படி, வழியில் என்ன செய்தீர்கள். அங்கே கேட்பவரையும் கவனியுங்கள். ஊழியர் பேசி முடிக்கும் முன்பே நோயாளியை டிராலி மாற்றத் தொடங்கினார்களா என்று ஒரு கட்டம் வையுங்கள்.

இன்னொன்று, தியேட்டரில் உலக சுகாதார நிறுவனத்தின் 19 அம்சப் பாதுகாப்புப் பட்டியல். 2008-இல் அறிமுகமானது. எட்டு நகரங்களில் நடந்து 2009 தொடக்கத்தில் வெளியான ஆய்வில் அறுவை சிகிச்சை மரணம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்தது, அந்த எட்டில் புதுடெல்லியும் ஒன்று. ஆனால் தாளில் டிக் இருக்கிறதா என்று பார்ப்பது மதிப்பீடு ஆகாது. பல இடங்களில் கேஸ் முடிந்த பிறகு ஒரே பேனாவால் 19-க்கும் டிக் விழுகிறது. நீங்கள் எண்ண வேண்டியது: கத்தி வைக்கும் முன் உரக்கப் படித்தார்களா, படிக்கும்போது எத்தனை பேர் கை வேலையை நிறுத்தினார்கள், பெயர் அறிமுகம் நடந்ததா, நர்ஸ் ஏதாவது சொன்னாரா.

கவனிக்க ஆள் வந்திருக்கிறார் என்றதும் எல்லோரும் திடீரென்று உத்தமர்களாகிவிடுவார்கள். முதல் இரண்டு மூன்று நாள் பதிவைக் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுங்கள். கவனிப்பவர் நோயாளிக்கு ஆபத்தான எதையாவது பார்த்தால் தாளை வைத்துவிட்டுச் சொல்ல வேண்டும் என்பதையும் முன்பே எழுதி வையுங்கள்.

சக ஊழியர்களிடம் பெயர் இல்லாமல் கருத்துக் கேட்கும் முறையும் உண்டு. பெரிய துறைகளில் பரவாயில்லை. ஆறு பேர் உள்ள யூனிட்டில் கையெழுத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஐந்துக்குக் குறைவான பதில் வந்தால் அறிக்கை தராதீர்கள்.

முடிந்தபின் பேசுவது

மதிப்பெண்ணை வாசித்துத் தொடங்காதீர்கள். எண்ணைக் கேட்டபின் அவர்கள் காதில் வேறெதுவும் ஏறாது. முதலில் போனில் பேசிய சீஃப் நம் ஆள், அந்தத் தவறு நாம் வைத்தது என்று சொல்லிவிடுங்கள். பிறகு பார்த்ததைச் சொல்லி, காரணத்தைக் கேளுங்கள்: "அஞ்சாவது நிமிஷம் நீங்க கேஸ் ஷீட்டைத் திருப்பிப் பார்த்தீங்க, அப்புறம் ஒண்ணும் சொல்லல. அப்போ மனசுல என்ன ஓடுச்சு?" "ஏன் சொல்லல?" என்று கேட்டால் மன்னிப்புதான் வரும். மேலே உள்ள மாதிரி கேட்டால் "சாருக்குத் தெரிஞ்சிருக்கும்னு நினைச்சேன்" என்று வரும். அந்தப் பதிலைப் பிடித்துக்கொண்டு, அந்த இடத்தில் என்ன வாக்கியம் சொல்லியிருக்கலாம் என்று அவரையே உரக்கச் சொல்ல வையுங்கள். பிறகு ஐந்தாம் நிமிடத்திலிருந்து இரண்டு நிமிடம் மட்டும் காட்சியை மறுபடி ஓட்டுங்கள். ஒரு குழுவுக்கு ஒரே ஒரு திருத்தம் போதும்.

லாக் புக்கில் எண்ணோடு ஒரு வாக்கியமும் ஏறட்டும்: "மருந்துக் கட்டளைகளைத் திரும்பச் சொல்கிறார், முடிந்ததைச் சொல்ல மறக்கிறார்." ஆறு மாதம் கழித்துப் பார்க்கும்போது 2.5 என்ற எண்ணைவிட இதுவே உதவும்.

மறுபடி அளக்க மூன்று முதல் ஆறு மாத இடைவெளி விடுங்கள், காட்சியை மாற்றுங்கள். முதல் குழு லேபை விட்டு வெளியே வந்ததுமே, ஆஸ்துமா விஷயம் வாட்ஸ்அப் குரூப்பில் ஏறிவிடும். அதனால் ஒரே நாளில் நான்கு குழு என்றால் தூண்டிலையும் சுழற்ற வேண்டும்: ஒரு குழுவுக்கு ஆஸ்துமாவும் கார்போப்ரோஸ்ட்டும், அடுத்ததற்கு பி.பி. அதிகம் உள்ள தாயும் பி.பி.யை ஏற்றும் மெத்தர்ஜினும், இன்னொன்றுக்குப் பெனிசிலின் அலர்ஜியும் பெனிசிலின் வகையைச் சேர்ந்த ஆக்மென்டினும், நான்காவதற்குத் தூண்டிலே இல்லாத சரியான கட்டளை. இந்த நான்காவது குழுவில், சரியான மருந்தையும் "வேண்டாம் சார்" என்று ஒருவர் தடுத்தால், அவர் கேஸ் ஷீட்டைப் படிக்கவில்லை, வாட்ஸ்அப்பைப் படித்திருக்கிறார்.